குண்டின் பின்பக்கம்

சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு செம்புக் குல்லா. 'கேஸ் செக்' என்று பெயர். வீட்டிலேயே காரீயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, துப்பாக்கிக் குண்டு வார்த்துக்கொள்ளும் ஆட்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. வார்த்த குண்டின் அடியில் இந்தக் குல்லாவை மாட்டி அழுத்துவார்கள். சில சமயம் அது இறுக்கமாக உட்காராது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும், மேஜையில் தட்டினால் கழன்று உருளும். ஏன் கழல்கிறது என்று கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலை. செய்தவனின் பொறுப்பு, செய்த பொருளோடு எதுவரை போகவேண்டும் என்று கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. கொஞ்ச நாளில் இரண்டும் ஒரே வேலையாகிவிட்டது.

நான் துப்பாக்கி சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனால் ஒருவர் கைவேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பிடிக்கும். பென்சில்வேனியாவில் நான் குடியிருந்த தெருவில், பக்கத்து வீட்டுக்காரர் லேத் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மான் வேட்டைக்காரர். வண்டி நிறுத்தும் ஷெட்டின் கதவைத் திறந்துவைத்து, காற்றாடியைப் போட்டுக்கொண்டு, ஈயம் உருக்குவார். ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் ஈயம் வேறு, அது வெள்ளீயம். இது காரீயம், விஷம். அதனால் உருக்கும்போது என்னை உள்ளே விடமாட்டார். மற்ற வேலைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

*

முதலில் அந்தக் குல்லா எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். காரீயம் மென்மையானது, 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். தோட்டாவுக்குள் வெடிமருந்து எரியும்போது பிறக்கும் வாயு, குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இம்மியளவு சந்து கிடைத்தாலும் அதில் பீறிட்டு, ஈயத்தை அரித்துக்கொண்டு முன்னால் போகும். அரிபட்ட ஈயம் குழலின் உள்சுவரில் அப்பிக்கொள்ளும். அடுத்தடுத்து வரும் குண்டுகள் அதில் தடுமாறும். மெதுவாகப் போகிற குண்டுக்கு இது பெரிய தொல்லை இல்லை. விநாடிக்கு 2000 அடி வேகத்தில் போகிற ரைஃபிள் குண்டுக்குப் பின்பக்கம் ஒரு காப்பு வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த இந்தச் செம்புக் குல்லாதான் அந்தக் காப்பு.

குண்டு என்றதும் நம் நினைப்பில் வருவது அதன் மூக்கு. போய்த் தைப்பது அதுதானே. பிராங்க்ளின் மான் என்று ஓர் அமெரிக்க மருத்துவர் இருந்தார். குண்டுகளை வேண்டுமென்றே மூளியாக்கிச் சுட்டுச் சுட்டுப் பார்த்து, 1909ல் ஒரு புத்தகம் எழுதினார். மூக்கு சிதைந்த குண்டு ஏறக்குறைய ஒழுங்காகத்தான் போகிறது, அடிவிளிம்பு சிதைந்த குண்டுதான் திசை மாறுகிறது என்று அதில் காட்டினார். குழல்வாயைக் கடைசியாகத் தாண்டுவது அடிப்பக்கம். அங்கே ஒரு ஓரம் மூளியாக இருந்தால், வாயு அந்த ஓரத்தில் முந்திக்கொண்டு வெளியேறி, குண்டைச் சாய்த்துவிடும். எங்கே போய்ச் சேரும் என்பதை முன்பக்கத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது, கையை விட்டுக் கடைசியாகப் பிரிகிற பக்கம்.

குல்லா கழன்றால் என்ன ஆகும்? தோட்டாவின் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே வெடிமருந்தில் விழும், அது ஆபத்து. அப்படி விழாமல் பறக்கும்போது கழன்றால், ஐந்து குண்டில் நாலு ஓரிடத்தில் தைக்கும், ஒன்று மட்டும் விலகிப்போகும். காகிதத்தில் அது தள்ளி விழுந்த ஒரு ஓட்டை, அவ்வளவுதான். மான் மேல் அது தாடை, அல்லது குடல். நெஞ்சில் பட்டிருந்தால் நிமிஷத்தில் முடிந்திருக்கும். குடலில் பட்ட மான் காட்டுக்குள் ஓடிப்போய், மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் சாகும்.

*

பக்கத்து வீட்டுக்காரர் குல்லா கழல்வதை விசாரித்த முறை எனக்குப் பிடித்திருந்தது. எடுத்த எடுப்பில் எதன்மேலும் பழி போடமாட்டார். பத்துக் குண்டின் அடித்தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுவார். அப்புறம் பத்துக் குல்லாவின் உள்வாயை அளப்பார். வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு, ஒரு தலைமுடியின் பருமன். குல்லா ஆட அது போதும்.

தண்டு ஒல்லியாக இருந்தால், ஏன் ஒல்லி? அச்சு போதுமான சூட்டில் இல்லாவிட்டால் உலோகம் மூலைவரை ஓடி நிரம்பாது, விளிம்பு மழுங்கிப்போகும். ஆண்டிமனி குறைந்த ஈயம் ஆறும்போது அதிகம் சுருங்கும். அந்தக் காலத்தில் கார்ச் சக்கரத்தில் மாட்டுகிற ஈய எடைகளை டயர் கடையில் வாங்கிவந்து உருக்குவார்கள். அதில் அளவாக ஆண்டிமனி இருக்கும். இப்போது அந்த எடைகள் துத்தநாகத்திலும் இரும்பிலும் வருகின்றன. தெரியாமல் ஒரு துத்தநாக எடை உள்ளே விழுந்தால் மொத்தச் சட்டி உலோகமும் கெட்டுப்போகும், அச்சில் ஒழுங்காக நிரம்பாது.

தண்டு சரியாக இருந்தால் குல்லாவைப் பார்க்கவேண்டும். அதை மாட்டி, எஃகு வளையம் வழியாக அழுத்தி இறக்கும்போது அதன் விளிம்பு ஈயத்தைக் கவ்வவேண்டும். வளையம் பெரிதாக இருந்தால் கவ்வாது. செம்பு விறைப்பாக இருந்தாலும் கவ்வாது, அழுத்தும்போது சுருங்கி, விட்டதும் பழைய அளவுக்கு எம்பிக்கொள்ளும். அதற்கு வைத்தியம், குல்லாக்களைப் பழுக்கக் காய்ச்சி ஆறவைப்பது. இரும்பைப் போல இல்லை செம்பு, பழுத்ததைத் தண்ணீரில் போட்டாலும் இளகித்தான் இருக்கும். நம்மூர்க் கன்னார்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். அடிக்க அடிக்க விறைக்கும் பாத்திரத்தை நடுநடுவே நெருப்பில் காட்டுவது இதற்குத்தான்.

சிலர் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். இவர் ஒட்டமாட்டார். "ஒட்டினா கழலாது. ஆனா ஏன் கழன்றதுன்னு அப்புறம் தெரியாமலே போயிடும்" என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

இதைச் சென்னை நண்பனிடம் போனில் சொன்னேன். "டேய், மானைக் கொல்றதுக்கா இவ்ளோ மைக்ரோமீட்டர்? கொல்றதுன்னு முடிவான பிறகு அதுல என்னடா ஒழுங்கு? நீயும் வாயைப் பொளந்துட்டுப் பார்த்துட்டு நிக்கறியே."

நியாயமான கேள்வி.

*

ஊரில் கறிக்கடை பாய் கத்தி தீட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அறுக்கிற கத்தி மழுங்கலாக இருக்கக்கூடாது, ஆட்டின் கண்ணெதிரே தீட்டக்கூடாது என்று அவர்கள் மார்க்கத்தில் ஒழுங்கு இருக்கிறது. அறுப்பது நடக்கத்தான் போகிறது. ஆனாலும் கூர்மையான கத்திக்கும் மழுங்கிய கத்திக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம், ஆட்டைப் பொறுத்தவரை சின்ன வித்தியாசம் இல்லை. கொல்வதா வேண்டாமா என்பது ஒரு கேள்வி, எப்படிக் கொல்வது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு என் நண்பன் சொல்லும் பதில் சரியாகவே இருக்கட்டும். இரண்டாவது கேள்வி அதனால் இல்லாமல் போய்விடாது. தப்பான காரியத்துக்குள்ளேயும் அக்கறைக்கு இடம் உண்டு. அந்த இடத்தில்தான் எதிரில் இருக்கிற உயிரின் வலி கூடுகிறது, குறைகிறது. அதனால் மைக்ரோமீட்டரைப் பார்த்து நான் சிரிக்கமாட்டேன்.

இதே இரண்டாவது கேள்வியில் உலகத்தின் சட்டங்களும் தடுமாறியிருக்கின்றன. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷாருக்கு ஆயுதச்சாலை இருந்தது. 1890களில் அங்கே குண்டின் உலோக உறையை மூக்குப்பக்கம் திறந்துவிட்டு, உள்ளே இருக்கிற மெல்லிய ஈயம் உடம்பில் பட்டதும் விரிகிற மாதிரி செய்தார்கள். அது போடும் காயம் குரூரமானது என்று 1899ல் ஹேக் நகரத்து மாநாடு அப்படிப்பட்ட குண்டைப் போரில் தடை செய்தது. இன்றைக்கு அமெரிக்காவில் பல மாநிலங்களின் வேட்டைச் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. மானைச் சுடுவதென்றால் விரியும் குண்டுதான் வேண்டும், முழு உறை போட்ட குண்டு கூடாது. அது துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும், மான் தவித்துச் சாகும்.

அதே ஈயம், அதே விரிதல். மனிதன் மேல் பட்டால் குரூரம், மான் மேல் பட்டால் கருணை. முதலில் முரண்பாடு மாதிரித் தெரியும். போரில் எதிரியைச் செயலிழக்கவைத்தால் போதும், அதற்குமேல் அவனைக் கிழிக்கத் தேவையில்லை. வேட்டையில் அரைகுறைக் காயம்தான் ஆகப்பெரிய கொடுமை. போய்ச் சேருகிற இடம் வேறு என்பதால் நியாயமும் வேறு. ஆக, குண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அது நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை. "நான் செய்கிறவன் மட்டும்தான், மற்றது எனக்குத் தெரியாது" என்கிற பேச்சு இங்கேதான் இடறுகிறது. எங்கே போகிறது என்று தெரியாமல், தான் செய்தது என்ன என்றே அவனால் சொல்ல முடியாது.

*

நண்பனின் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. அக்கறை ஒரு மயக்கமருந்தாகவும் வேலை செய்யும். ஆயிரத்தில் ஒரு பங்கைத் துரத்திக்கொண்டிருக்கிறவனுக்கு, எதற்காகத் துரத்துகிறோம் என்று நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. வேலை நேர்த்தியாக இருக்கிறது, கை திருப்தியாக இருக்கிறது, அதையே மனசு நிம்மதி என்று நினைத்துக்கொள்ளும். ஓப்பன்ஹைமர் 1954 விசாரணையில் ஹைட்ரஜன் குண்டைப் பற்றிச் சொன்னது இதைத்தான். ஒரு தீர்வு தொழில்நுட்பத்தில் ருசியாக அமைந்துவிட்டால் மனிதன் அதைச் செய்துவிடுவான், என்ன செய்வது என்ற விவாதமெல்லாம் அதற்கப்புறம்தான் வரும் என்றார்.

அரிஸ்டாட்டில் இதை வேறு விதமாகப் பிரித்தார். கைத்தொழிலில், வேண்டுமென்றே தப்புச் செய்கிறவன் தெரியாமல் செய்கிறவனைவிட மேல். செய்யத் தெரிந்தவன்தானே வேண்டுமென்று கெடுக்க முடியும். நடத்தையில் இது தலைகீழ், வேண்டுமென்றே செய்த தப்புதான் மோசம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு என்றால், ஒன்றில் நல்லவனாக இருப்பது மற்றதில் நல்லவனாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. நேர்த்தியான குண்டு வார்க்கிறவர் நல்ல மனுஷராகவும் இருக்கலாம். ஆனால் குண்டின் நேர்த்தி அதற்குச் சாட்சி சொல்லாது.

அப்படியானால் அக்கறையை எதைவைத்து அளப்பது? அதன் கூர்மையைவிட அதன் நீளத்தை அளக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். எவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறான் என்பதைவிட, எவ்வளவு தூரம் வரைக்கும் பார்க்கிறான்.

1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் இழுத்துத் தள்ளியது. அந்த ஈயம் கனெக்டிகட்டில் லிச்ஃபீல்ட் என்ற ஊருக்குப் போனது. அங்கே ஆலிவர் உல்காட் என்பவர் வீட்டாரும் ஊர்க்காரர்களும் அதை உருக்கிக் குண்டு வார்த்தார்கள். யார் எத்தனை வார்த்தார்கள் என்ற கணக்கு இன்றும் இருக்கிறது. ரூத் மார்வின் 11,592. உல்காட்டின் மகள் லாரா 8,378. சின்னப் பையன் ஃபிரெடரிக் 936. எல்லாம் சேர்த்து 42,088. ஒரு குண்டு விடாமல் எண்ணியிருக்கிறார்கள். அதில் எத்தனை யார் நெஞ்சில் தைத்தது என்ற கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை, இருக்கவும் முடியாது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை, அது விடுதலைப் போர். உலகத்தில் எல்லாப் பட்டறைக் கணக்கும் இப்படித்தான், கையை விட்டுப் போகிற வாசலோடு முடிந்துவிடும்.

*

பக்கத்து வீட்டுக்காரரின் அக்கறை வாசலோடு முடியவில்லை, மான்வரைக்கும் போயிற்று. அதனால்தான் குல்லா கழல்வது அவருக்கு உறுத்தியது. ஆனால் மானும் கடைசி இல்லை.

வேட்டைக்காரர்கள் மானைக் காட்டிலேயே கீறி, குடலையும் மற்றதையும் அங்கேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். வேட்டைக் குண்டுகள் உடம்பில் பட்டதும் ஈயத் துணுக்குகளாகச் சிதறுகின்றன. துணுக்குகள் அந்தக் குடலில் இருக்கும். பனிக்காலத்தில் பசியோடு வருகிற கழுகுகள் அதைத் தின்னும். 2022ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 38 மாநிலங்களில் 1210 கழுகுகளைச் சோதித்ததில், வெண்தலைக் கழுகுகளிலும் பொன்னிறக் கழுகுகளிலும் ஏறக்குறைய பாதிக்கு நாள்பட்ட ஈய நச்சு இருந்தது. கலிபோர்னியாவில் 1982ல் வெறும் 22 காண்டார் கழுகுகள்தான் மிச்சம். அந்த இனத்தைக் கூண்டில் வளர்த்து மீட்டெடுத்து மறுபடி காட்டில் விட்டபோது, அவற்றைக் கொன்றதில் முதல் காரணம் ஈயம். 2013ல் அந்த மாநிலம் வேட்டைக்கு ஈயக்குண்டைத் தடைசெய்யச் சட்டம் போட்டது, 2019 ஜூலையிலிருந்து அது முழுசாக அமலுக்கு வந்தது.

ஒரே குண்டில் நெஞ்சைப் பார்த்துச் சுட்டு, மானைத் துடிக்கவிடாமல் கொன்று, கறியை வீணாக்காமல் எடுத்துப்போகிற ஆள், எந்தச் சட்டத்தையும் மீறாதவர், இரண்டு வாரம் கழித்து ஒரு கழுகைக் கொல்கிறார். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. குல்லா கழலவில்லை, குண்டு விலகவில்லை, எல்லாம் சரியாக நடந்ததால்தான் கழுகு செத்தது.

இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். கோபப்படவில்லை. வார்ப்புக் குண்டு மெதுவாகப் போவது, கடை குண்டு மாதிரி அவ்வளவு சிதறாது என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் கொஞ்சம் சிதறினாலும் ஈயம் ஈயம்தான். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, குடலை மண்ணில் புதைத்துவிட்டு வரலாம் என்றார். செய்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் அந்த ஊரை விட்டு வந்துவிட்டேன்.

*

கடைசியாக இந்தக் குல்லாவின் ஒரு சங்கதி. பழைய காலத்துக் குல்லாக்களில் கவ்வும் விளிம்பு கிடையாது. சும்மா செருகி வைப்பதுதான். குழல்வாயைத் தாண்டியதும் சில கழன்று விழும், சில ஒட்டிக்கொண்டே போகும். பின்னால்தான் கவ்விப் பிடிக்கிற வகை வந்தது. குறி தவறுவதற்குக் குல்லா விழுவதைக்கூடக் காரணமாகச் சொல்லமாட்டார்கள் அனுபவஸ்தர்கள். எல்லாம் விழுந்தால் எல்லாக் குண்டும் ஒரே மாதிரிப் போகும், அதற்குத் தகுந்த மாதிரி குறிவைத்துக்கொள்ளலாம். எதுவும் விழாவிட்டாலும் அப்படியே. சிலது விழுந்து சிலது ஒட்டுவதுதான் கெடுதல்.

நம் பொறுப்புணர்ச்சி அந்தப் பழைய வகை. செய்தது நல்லபடி முடிந்தால் இலக்குவரைக்கும் ஒட்டிக்கொண்டு போவோம், "என் கைவேலை" என்போம். கெட்டதாக முடிந்தால் வாசலிலேயே கழன்றுகொள்வோம், "நான் செஞ்சு குடுத்தேன், அவங்க என்ன பண்ணாங்களோ." கலாஷ்னிகோவ் தன் துப்பாக்கி தாய்நாட்டைக் காத்தது என்று வாழ்நாள் முழுக்கப் பெருமைப்பட்டார், அதனால் செத்தவர்களுக்கு அரசியல்வாதிகள் பொறுப்பு என்றார். வாழ்க்கையின் கடைசிக் காலத்தில், ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சாவுகளில் தனக்கும் பாவம் உண்டா என்று கேட்டார். தொண்ணூறு வயதுக்குமேல் ஒரு மனிதர் கழன்று விழுந்த குல்லாவைத் தேடிக் குனிகிறார். அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முழுசாகக் கழற்றிவிடுவதும் ஒரு வழிதானே, அதிலும் ஒழுங்கு இருக்கிறதே என்று கேட்கலாம். செம்புக்கு அது முடியும். மனிதனுக்கு முடியாது, பெருமையை வேண்டாமென்று சொல்கிறவனை நான் இன்னும் பார்க்கவில்லை. பெருமை ஒட்டிக்கொள்ளும் என்றால் பழியும் அதே தூரம் ஒட்டவேண்டும். அதே சமயம் எல்லாக் குண்டுக்கும் பின்னால் கடைசிவரை ஓட யாராலும் ஆகாது. லிச்ஃபீல்டின் சின்னப் பையன் 936 குண்டுக்கும் அழுதுகொண்டிருக்க முடியாது. ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. நாம் பார்க்கிற தூரத்துக்கு அடுத்த ஒரு அடியை யாராவது காட்டும்போது, மானுக்கு அப்பால் ஒரு கழுகு இருக்கிறது என்று சொல்லும்போது, அது என் கணக்கில் வராது என்று சொல்லாமல் இருப்பது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் குண்டு வார்க்கிறவர்கள் இல்லை. கடன் செயலிக்குக் குறிமுறை எழுதுகிறோம், விளம்பரத்துக்கு வாசகம் எழுதுகிறோம், பொத்தானின் நிறத்தை இரண்டு விதமாகப் போட்டு எதை அதிகம் அழுத்துகிறார்கள் என்று அளக்கிறோம். எங்கள் மைக்ரோமீட்டர்களும் துல்லியமானவைதான். என் நண்பனும் அப்படி ஒரு செயலியில்தான் வேலை பார்க்கிறான். மான் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிடா, நாங்க அனுப்புற தவணை எஸ்எம்எஸ் எங்க போய் முடியுதுன்னு நான் பார்த்ததே இல்ல" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அளக்க ஆரம்பிக்கிற இடம் அது.